பயிற்சி கொடு, ஆள் கொடு!

ஆசிரியத் தோழர்களே!

பழைய ஓய்வூதியத்துக்காக வீதியில் உட்கார்ந்தோம். ஊதிய முரண்பாட்டைக் களையச் சொல்லி டி.பி.ஐ. வளாகத்தில் வெயிலில் கிடந்தோம். எமிஸ் பதிவு என்ற பெயரில் பாடவேளையைத் தின்னாதே என்று முழங்கினோம். எல்லாமே நியாயமான கோரிக்கைகள்; ஒன்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் நம் கோரிக்கைப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்துப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தும் வகுப்பில் பாடம் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி அதில் எத்தனை வரி இருக்கிறது?

இந்த ஆண்டு அந்த வரியை எழுதியாக வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'மேலும்' என்று தொடங்கும் பத்திக்குள் ஒளித்து வைக்காமல், முதல் மூன்று கோரிக்கைகளுக்குள் எழுத வேண்டும். வாசகம் இதுதான்: சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளைப் பொது வகுப்பிலேயே வைத்துக் கற்பிக்க ஒவ்வோர் ஆசிரியருக்கும் வகுப்பறையில் பயிற்சி கொடு, அந்தப் பயிற்சி நிலைக்க, பள்ளிக்கு எட்டும் தூரத்தில் நிரந்தரச் சிறப்பாசிரியரைக் கொடு.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் ஆண்டுப் பணித் திட்டமும் அதற்கான நிதி மதிப்பீடும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே எழுதப்படுகின்றன. அந்தத் தாளில் இடம்பிடிக்காத பயிற்சி அடுத்த ஆண்டு முழுக்க நடக்காது. நாம் ஜூலையில் ஆர்ப்பாட்டம் நடத்தினால், 'அருமையான கோரிக்கை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்பார்கள். நமக்கு அது இன்னோர் ஆண்டு. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு எழுத்தறியும் பருவமே அதற்குள் போய்விடும்.

ஜூன் மாதச் சேர்க்கையில் நடப்பது நமக்குத் தெரியாததா? ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்தபடி வருகிறார். பிள்ளை ஓரிடத்தில் நிற்கவில்லை. பேர் கேட்டால் பதில் இல்லை. தலைமையாசிரியர் கெட்டவர் கிடையாது, தயங்குகிறார். "அம்மா, இவனுக்கு இங்க கஷ்டம்மா. டவுன்ல ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு, அங்க நல்லா பாத்துக்குவாங்க" என்கிறார். "நாங்க தெனக்கூலிங்க சார். டவுனுக்கு யாரு கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வர்றது? இவன் பாட்டுக்கு ஒரு ஓரமா ஒக்காந்திருந்தா போதுங்க சார்" என்கிறார் அந்தத் தாய். அரசுப் பள்ளியின் வாசலில் நின்று ஓரமாக ஓர் இடத்துக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது, தோழர்களே. பல இடங்களில் நாம் மனமிரங்கி, கேட்டதை அப்படியே கொடுத்தும் விடுகிறோம்: ஓரத்தை.

அவர் கெஞ்ச வேண்டியதே இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் குழந்தைகளையும் பின்தங்கிய பிரிவினருக்குள் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது 31ஆம் பிரிவு. எங்கே படிப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை நம் மேசைக்கு எதிரே நிற்பவருக்குத்தான் உண்டு. மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு இல்லை.

நாம் கவனிக்காமல் விட்ட பகுதியும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. பிரெய்லும் சைகை மொழியும் தெரிந்த ஆசிரியர்களையும், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர்களையும் உருவாக்கிப் பணியில் அமர்த்துவது அரசின் பொறுப்பு என்கிறது 17ஆம் பிரிவு. பள்ளி ஆசிரியருக்கான எல்லாப் படிப்புகளிலும் மாற்றுத்திறன் ஒரு பாடக்கூறாக இருக்க வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, ஏற்ற கற்பித்தல் முறையை மேற்கொள்வது பள்ளியின் கடமை என்கிறது 16ஆம் பிரிவு. கடமையை நம் தலையில் ஏற்றிய சட்டம், அதற்கான பயிற்சியை அரசின் தலையில் ஏற்றியிருக்கிறது. முதல் பாதியைச் சொல்லி நம்மிடம் விளக்கம் கேட்கும் அதிகாரிகள் இரண்டாம் பாதியைப் படித்துக் காட்டுவதில்லை. நாம்தான் படித்துக் காட்ட வேண்டும்.

2019இல் யுனெஸ்கோ இந்தியாவைப் பற்றி வெளியிட்ட கல்வி அறிக்கை மாற்றுத்திறன் குழந்தைகளை மட்டுமே எடுத்துக்கொண்டு பேசியது. 5 வயதுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் போவதில்லை. 5 முதல் 19 வயது வரை எடுத்துக்கொண்டால் நான்கில் ஒருவர் போவதில்லை என்றது அந்த அறிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையாகக் கொண்ட எண்கள் இவை. தமிழ்நாடு சேர்க்கையில் முன்னே நிற்கும் மாநிலம்தான், ஒப்புக்கொள்வோம். அதனாலேயே நம் கேள்வி அடுத்த படிக்குப் போகிறது: பள்ளிக்குள் வந்துவிட்ட பிள்ளைக்கு வகுப்பில் என்ன கிடைக்கிறது?

நமக்கு இதுவரை கிடைத்த பயிற்சி எப்படிப்பட்டது? வட்டார வள மையத்துக் கூடம். ப்ரொஜெக்டர். சட்டம் ஏற்றிருக்கும் 21 வகைக் குறைபாடுகளின் பட்டியல், வரிசையாக. அதில் தலசீமியா உண்டு, ஹீமோபீலியா உண்டு, பார்கின்சன் நோயும் உண்டு. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பார்கின்சன் எதற்கு என்று கேட்க யாருக்கும் தெம்பிருக்காது, மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். தேநீர், கையெழுத்து, குழுப் புகைப்படம். 2019இல் நிஷ்தா பயிற்சி வந்தது. உள்ளடங்கிய கல்வியும் அதில் ஒரு பகுதி. பிறகு அது திக்ஷா தளத்துக்குப் போனது. காணொளியை ஓடவிட்டுவிட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டே சான்றிதழ் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று இங்கே எண்ண வேண்டாம். இரண்டு ஆண்டு பி.எட். படித்த இளைய தோழர்களுக்கு உள்ளடங்கிய பள்ளி பற்றி ஒரு தாளாவது இருந்தது. ஓராண்டு பி.எட். முடித்து வந்த மூத்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய்கூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

ஆகவே என்ன கேட்கிறோம் என்பதில் தெளிவாக இருப்போம். 'பயிற்சி வேண்டும்' என்று மொட்டையாகக் கேட்டால், இன்னொரு இரண்டு நாள் கூட்டம் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில், 38 பிள்ளைகளுக்கு நடுவே, இந்த ஒரு பிள்ளைக்கு நான் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தருவதுதான் பயிற்சி.

செவித்திறன் குறைந்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை நடக்கிறது. கருவியின் விலை லட்சங்களில். அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் கேட்புப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி. பெற்றோர் வேலையை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கு அலைகிறார்கள். இவ்வளவும் முடிந்து பிள்ளை நம் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறது. நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுகிறோம். அல்லது ஜன்னலுக்கு முன்னால் வெளிச்சத்தை முதுகில் வாங்கி நிற்கிறோம். பிள்ளைக்கு நம் முகம் கறுப்பாகத் தெரிகிறது, உதடு தெரிவதில்லை. பக்கத்து வகுப்புக்கும் நமக்கும் இடையே ஒரு தட்டிதான். அங்கே வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தத்தையும் கருவி சேர்த்தே பெருக்கித் தருகிறது. பேட்டரி தீர்ந்துபோன நாளில் பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கும். 'இன்னைக்கு சமத்தா இருக்கான்' என்று நாம் பாராட்டுவோம்.

இதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம். காலையில் வருகை எடுக்கும்போது வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். லிங் சோதனை என்பார்கள் பேச்சுப் பயிற்சியாளர்கள். தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை பேச்சின் முழு வீச்சும் அந்த ஆறுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று கேட்கவில்லை என்றால் கருவியைப் பார்க்க வேண்டும், பெற்றோரைக் கூப்பிட வேண்டும். ஒரு நிமிட வேலை. லட்சக்கணக்கில் செலவழித்துக் கருவியைப் பொருத்திய அரசுக்கு, இந்த ஒரு நிமிடத்தை வகுப்பு ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

அடுத்து, நம் எல்லோர் வகுப்பிலும் இருக்கிற, ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளை. வாயால் கேட்டால் அத்தனைக்கும் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் மூன்று வரியைத் தாண்ட மாட்டான். டிஸ்லெக்சியா ஆங்கிலம் படிக்கிற பணக்காரப் பிள்ளைகளுக்கு வருவது என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. நம் எழுத்தையே பாருங்கள். 'கெ' என்று சொல்லும்போது வாய் முதலில் மெய்யைத்தான் ஒலிக்கிறது. கையோ முதலில் கொம்பைப் போட வேண்டும். 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. ஒரே ககரம் கல், பகல், தங்கம் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் தானாகவே இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிலரின் மூளைக்கு இது தானாக நடப்பதில்லை. எழுத்தையும் ஒலியையும் மெதுவாக, கையால் தடவி, மணலில் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொரு படியாகக் கட்டித் தர வேண்டும். அதற்கு முறை இருக்கிறது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991 முதல் சென்னையில் இதற்காகவே இயங்குகிறது. அந்த முறை நம் ஒன்றியத்து நடுநிலைப் பள்ளிவரை வந்து சேராததற்குப் பிள்ளையா பொறுப்பு? 'சோம்பேறி', 'திமிரு', 'வீட்ல கவனிக்கிறதில்ல' என்று நாம் குத்திய முத்திரைகளோடு அவன் எட்டாம் வகுப்புவரை வந்துவிடுகிறான்.

பத்தாம் வகுப்பில் விழித்துக்கொள்கிறோம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் சலுகைகள் எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வருகின்றன: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. அரையாண்டுத் தேர்வில் பிள்ளை தோற்ற பிறகு மருத்துவச் சான்றுக்கு ஓடுகிறோம். மூன்றாம் வகுப்பில் ஒரு டீச்சருக்குச் சந்தேகம் வந்திருந்தால் இந்த ஓட்டமே தேவைப்பட்டிருக்காது. 'நலம் நாடி' செயலி வந்திருக்கிறது. பிள்ளைகளைக் கவனித்துக் குறியிடுகிறோம். நல்லது. செயலி பிள்ளையை அடையாளம் காட்டலாம். காட்டிய பிறகு கற்பிப்பது ஆசிரியர்தான், அவருக்கு அந்த வித்தை தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: நாம் மருத்துவர்கள் அல்ல. சந்தேகத்தைப் பதியலாம், பிள்ளைக்கு முன்னால் பெயர் சூட்டக் கூடாது. பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறை உண்டு என்கிறது அதே சட்டத்தின் 92ஆம் பிரிவு. வகுப்பறையில் 'நொண்டி', 'செவிடு', 'லூசு' என்று கூப்பிடும் பழக்கம் நம் ஓய்வறைகளில் இன்னும் சிரிப்புக்குரியதாக இருக்கிறது. சங்கம் யாரையும் காப்பாற்றப் போகாத இடம் அது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் வகுப்பு மாடியில் இருந்தால், அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றத் தலைமையாசிரியரின் ஒரு கையெழுத்து போதும். குறைபார்வை உள்ள பிள்ளைக்கு முன்வரிசை, பெரிய எழுத்து, பலகையில் எழுதுவதை எல்லாம் வாயாலும் சொல்லும் பழக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் காலை வழிபாட்டு ஒலிபெருக்கியே தாங்க முடியாத வலியாக இருக்கலாம். அன்றைய நாள் எந்த வரிசையில் நடக்கும் என்று நான்கு படங்களைச் சுவரில் ஒட்டிவைத்தால் பாதிப் பதற்றம் குறையும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதே பாடம்தான், இலக்கு மட்டும் வேறு: வகுப்பு மூன்று இலக்கக் கூட்டல் போடும்போது அவள் பத்து ரூபாய்க்குச் சில்லறை எண்ணட்டும். இவை எல்லாமே யாராவது ஒருவர் நம் வகுப்பில் நின்று செய்துகாட்டி, அடுத்த வாரம் வந்து 'எப்படிப் போகிறது' என்று கேட்டால் பதிந்துவிடும். கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னால் பதியாது.

'லட்சக்கணக்கான ஆசிரியருக்கு அப்படிப் பயிற்சி கொடுக்க முடியுமா?' என்று இயக்குநரகத்தில் கேட்பார்கள். முடியும் என்று அரசே காட்டியிருக்கிறது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியபோது என்ன நடந்தது? பருவந்தோறும் பயிற்சி. ஆசிரியர் கையேடு, பிள்ளைக்குப் பயிற்சி நூல், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழு, வகுப்பறைக்கே வந்து பார்வையிடல். அந்தத் திட்டத்தின் மேல் நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கிறது, மதிப்பீட்டுச் சுமையைப் பற்றி நாமே எழுதியிருக்கிறோம். ஆனால் ஒரே வகுப்பில் மூன்று நிலைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்த அது நம்மைப் பழக்கியது. அந்தப் பழக்கத்தின் அடுத்த படியைத்தான் இப்போது கேட்கிறோம். மனம் வைத்தால் ஒரு மாநிலம் முழுவதையும் ஒரே பருவத்தில் பயிற்சிக்குக் கொண்டுவர முடிகிற அரசு, இந்தப் பிள்ளைகள் என்று வரும்போது மட்டும் கையை விரிப்பதை ஏற்க முடியாது.

தோழர்களே, உங்கள் முணுமுணுப்பும் எனக்குக் கேட்கிறது. 'ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு. ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மற்றவர்தான் எல்லாம். இதில் இதையும் தூக்கச் சொல்கிறாயா?' ஆமாம், தூக்க முடியாதுதான். அதனால்தான் 'ஆள் கொடு' என்பதையும் சேர்த்துக் கேட்கிறோம். ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாளில் மாற்று ஆசிரியர் வர வேண்டும் என்பதும் கோரிக்கையில் இருக்க வேண்டும். பயிற்சியும் ஆளும் இல்லாமல் பிள்ளையை மட்டும் வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு 'உள்ளடங்கிய கல்வி' என்று அறிக்கை எழுதுவது பிள்ளைக்கும் அநீதி, நமக்கும் அநீதி.

'சிறப்புப் பள்ளிதானே நல்லது' என்று கேட்கிற தோழருக்கும் பதில் சொல்ல வேண்டும். சிறப்புப் பள்ளிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் எழுந்த மண் இது. சைகை மொழியில் பேசும் பிள்ளைக்கு, அதே மொழி பேசும் தோழர்களுக்கு நடுவே வளர்வது பெரிய பேறு. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்ற இடங்கள் இல்லாவிட்டால் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளுக்கு நடைப்பயிற்சிகூடக் கிடைத்திருக்காது. ஆனால் சிறப்புப் பள்ளி பெரும்பாலும் நகரத்தில் இருக்கிறது. பிள்ளை ஊரில் இருக்கிறது. குடும்பம் தேர்ந்தெடுத்து அங்கே அனுப்புவது வேறு, நாம் கதவைச் சாத்தியதால் அங்கே போவது வேறு. வீட்டுவழிக் கல்விக்கும் இதையே சொல்வேன். படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு அது வரம். நடந்து வரக்கூடிய பிள்ளையை, வகுப்பில் சமாளிக்கத் தெரியாததால் அந்தப் பட்டியலில் தள்ளிவிடுவது எளிய வழி. எந்தெந்தப் பிள்ளை ஏன் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று நம் பள்ளிகளில் நாமே ஒருமுறை சரிபார்க்கலாமே?

இத்தாலி 1977இலேயே சட்டம் போட்டுத் தனி வகுப்புகளை மூடியது. அங்கே துணை ஆசிரியர் என்று ஒருவர் வகுப்புக்கு வருகிறார்; அவர் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் உரியவர் கிடையாது, வகுப்பு முழுவதற்கும் ஆசிரியர். பிள்ளையைத் தனியே இழுத்துக்கொண்டு மூலைக்குப் போக மாட்டார். எல்லாம் அங்கே சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் உட்கருத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் நம்மிடம் அப்படி ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். வாரத்தில் ஏதோ ஒரு நாள், தோளில் பையும் கையில் பதிவேடுமாகப் பேருந்திலிருந்து இறங்கி வருவாரே, அந்தச் சிறப்பாசிரியர். ஒருவர் தலையில் பல பள்ளிகள். தொகுப்பூதியம். பல ஆண்டு பணிக்குப் பிறகும் 'தற்காலிகம்'. அவர் படித்த படிப்பு பெரும்பாலும் ஒரு குறைபாட்டுக்கு உரியது: செவித்திறனுக்கோ, பார்வைக்கோ, அறிவுசார் குறைபாட்டுக்கோ. ஆனால் அவர் கையில் ஒப்படைக்கப்படுகிற பிள்ளைகள் எல்லா வகையிலும் இருக்கிறார்கள். அவர் வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? 'டீச்சர், உங்க புள்ள அங்க இருக்கான்' என்று கையைக் காட்டுகிறோம். உங்க புள்ள! நம் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பிள்ளை எப்படி அவர் பிள்ளை ஆனான்?

2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கணக்கைச் சொல்லிவிட்டது: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர். நம் ஒன்றியத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை சிறப்பாசிரியர்கள்? வட்டார வள மையத்தில் போய்க் கேட்டு எழுதி வாருங்கள். வேறு ஆதாரமே வேண்டாம், அந்த இரண்டு எண்கள் போதும் நம் துண்டறிக்கைக்கு. டி.பி.ஐ. வளாகத்தில் சிறப்பாசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தபோது நாம் வழிமொழிந்து அறிக்கை விட்டதோடு நின்றுவிட்டோம். அவர்கள் கோரிக்கை நம் கோரிக்கை ஆக வேண்டும். அவர்கள் நிலைத்தால்தான் நம் பயிற்சி நிலைக்கும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று அஞ்சிக்கொண்டிருப்பவர் எப்படி நம் வகுப்பில் ஓராண்டு நின்று நமக்குக் கற்றுத்தர முடியும்?

நிதி இல்லை என்பார்கள். 2024-25ஆம் ஆண்டுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததை மறக்க முடியுமா? அந்தத் திட்டத்தோடு சேர்ந்து வரும் மும்மொழியை எதிர்ப்பதற்கான தண்டனையை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் அவருக்குப் பாடம் சொல்லும் தொகுப்பூதிய ஆசிரியரும் சேர்ந்து அனுபவிக்க வேண்டியிருந்தது. அந்தப் போரில் நாம் மாநில அரசின் பக்கம் நிற்கிறோம், நிற்போம். ஆனால் டெல்லி தராததை மட்டும் காட்டி, சென்னை செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட விடக் கூடாது. பயிற்சித் திட்டத்தை எழுதுவது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். பயிற்சி நாட்களை முடிவு செய்வதும் இங்கேதான். 21 குறைபாடுகளின் பட்டியலைப் படித்துக் காட்டும் கூட்டத்தை நிறுத்திவிட்டு, அதே நாட்களை வகுப்பறைக்கு மாற்றக் கூடுதலாக ஒரு பெரிய தொகை வேண்டியதில்லை.

அரசு தரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். குறுவள மையக் கூட்டங்களில் ஓர் அரை நாளைச் சிறப்பாசிரியரிடம் விட்டுவிடக் கேட்போம். அவர் மேடையில் பேச வேண்டாம். நம் பள்ளியின் ஒரு பிள்ளை, பெற்றோரின் ஒப்புதலோடு, ஒரு பாடம், எல்லோரும் பார்க்க. பிறகு நாம் ஒருவர் அதையே நடத்திப் பார்ப்போம், அவர் திருத்தட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய பங்கு உண்டு என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. மாற்றுத்திறன் பிள்ளையின் அம்மாவும் அதில் அடக்கம். அவரைக் குழுவில் சேர்ப்போம், சேர்த்து உட்காரவைத்துக் கேட்போம். எந்த ஒலிக்கு அவன் மிரளுவான், எதைக் கொடுத்தால் அமைதியாவான், எப்போது வலிப்பு வரும், வந்தால் எப்படிப் படுக்கவைக்க வேண்டும் என்பதெல்லாம் எந்தப் பயிற்றுநரையும் விட அவருக்குத்தான் தெரியும். நம்மிடையே பார்வையற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கால் ஊன்றி நடக்க முடியாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாணவராக எந்த டீச்சர் தங்களைக் கைதூக்கிவிட்டார், எவர் ஓரத்தில் உட்காரவைத்தார் என்று அவர்கள் சொன்னால், எந்தப் பவர்பாயின்டும் அதற்கு ஈடாகாது. நம் சங்கத்தின் பயிற்சிக் குழுவுக்கு அவர்கள்தான் தலைமை தாங்க வேண்டும்.

தோழர்களே, வேலைப் பங்கீட்டை இப்போதே சொல்கிறேன். ஒவ்வொரு கிளையும் தன் ஒன்றியத்தின் இரண்டு எண்களை, பிள்ளைகள் எத்தனை பேர், சிறப்பாசிரியர்கள் எத்தனை பேர் என்று, எழுதி வட்டாரச் செயலாளரிடம் கொடுங்கள். மாடியில் வகுப்பு நடக்கும் பள்ளிகளில் சக்கர நாற்காலிப் பிள்ளை இருந்தால், தீர்மானத்துக்குக் காத்திருக்காமல் நாளையே தலைமையாசிரியரிடம் பேசி வகுப்பைக் கீழே கொண்டுவாருங்கள். கோரிக்கைப் பட்டியல் அச்சுக்குப் போவதற்கு முன் மாவட்டச் செயற்குழுவில் இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்து, அது முதல் மூன்றுக்குள் வரும்வரை உட்காராதீர்கள். நிறைவேறிய தீர்மானத்தோடு முதன்மைக் கல்வி அலுவலரைப் பார்ப்போம். ஆண்டுப் பணித் திட்டம் சென்னைக்குப் போவதற்குள் பார்ப்போம்.

அடுத்த வட்டாரக் கூட்டத்துக்குத் தனியாக வராதீர்கள். உங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியரை உறுப்பினர் படிவத்தோடு அழைத்து வாருங்கள்.